பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும்: கணனிக் கோப்புப் பெயர் வரலாற்றில் ஒரு சிக்கல்

ஆங்கில நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 26 எனப் பாலர் வகுப்பிலே கற்கின்றோம். சில நாள்களுள் அக்கணக்குப் பிழைத்துவிடுகின்றது. ஒவ்வோர் எழுத்துக்கும் 'கப்பிற்றல்' என்றும் 'சிம்பிள்' என்றும் இரு வடிவங்கள் உள என ஆசிரியர் கூறுகின்றார். வடிவங்கள் 52 ஆகின்றன. அவ்வாறாயின் எழுத்து ஒன்றா, இரண்டா? பிள்ளை இவ்வினாவை எழுப்புவதில்லை. எழுப்பினும் ஆசிரியர் விடையிறுப்பது அரிது. வாசிப்போனுக்கு அவை ஒன்றே, எழுதுவோனுக்கு இரண்டு. மனிதர் பன்னூறாண்டுகளாக இம்முரண்பாட்டோடு இடரின்றி வாழ்ந்து வந்தனர். இயந்திரம் ஒன்று பெயர்களை வாங்கி வைத்துக்கொள்ளவும், கேட்டவிடத்து எடுத்துக்கொடுக்கவும் தொடங்கிய பின்னரே அது இடராயிற்று. கணனியிற் கோப்புக்குப் பெயரிடும் முறையின் வரலாற்றை நோக்குவோர், விடை காணாத அந்தப் பாலர் வகுப்பு வினாவையே திரும்பத் திரும்ப எதிர்கொள்வர். அவ்வினாவுக்கு வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணங்களால் அளிக்கப்பட்ட விடைகளையும் அவற்றால் விளைந்த இழப்புக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமர் கல்லிற் பொறித்தவை இன்று நாம் பெரிய எழுத்தென வழங்கும் வடிவங்களே. சிறிய எழுத்தின் இன்றைய உருவம் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளிலே சார்லமேன் பேரரசனின் ஆட்சிப்பரப்பில் வளர்ந்த கரோலிங்கியச் சிற்றெழுத்திலிருந்து வந்தது. 796 இல் தூர் நகரத்து மடத்தின் தலைமையை ஏற்ற அல்குவின் என்னும் ஆங்கில அறிஞரின் பெயர் அவ்வெழுத்தின் பரவலோடு இணைத்துப் பேசப்படும். பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலிய மனிதநேயவாதிகள் உரோமக் கல்லெழுத்தையும் இச்சிற்றெழுத்தையும் ஒரே பக்கத்திற் சேர்த்து எழுதினர். அச்சுக்கலை அதனை ஏற்று நிலைபெறச் செய்தது. அச்சுக்கோப்போர் ஈயவெழுத்துக்களை இரு பெட்டிகளில் இட்டு வைத்தனர். பெரியவை மேற்பெட்டியிலும் சிறியவை கீழ்ப்பெட்டியிலும் இருந்தன. இன்றும் ஆங்கிலத்தில் இவ்வெழுத்துவகைகளுக்கு வழங்கும் பெயர்கள் அப்பெட்டிகளின் பெயர்களேயாம். இரண்டு வரிவடிவ மரபுகள் ஒட்டப்பட்ட இடம் அது. ஒட்டு இன்னும் தெரிகிறது.

மின்தந்தி வந்தபோது அவ்வொட்டு ஒருமுறை பிரிந்தது. மோர்ஸ் குறிமுறையிற் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பேதம் இல்லை. பிரான்சில் 1870களில் எமில் போடோ அமைத்த குறிமுறை ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து பிற்றுக்களை ஒதுக்கியது. ஐந்து பிற்றுக்களால் 32 குறிகளே கூடும். 26 எழுத்துக்கள் போக எஞ்சுவன ஆறு. எண்களுக்கே இடம் போதாமையால், ஒரே குறியை எழுத்தாகவும் எண்ணாகவும் மாறிமாறி வாசிக்கும் உபாயம் மேற்கொள்ளப்பட்டது. இந்நெருக்கடியில் எழுத்துக்கு இரு வடிவம் என்பது எண்ணிப்பார்க்கவும் இயலாத ஆடம்பரம். எனவே தந்தியும், அதன் வழிவந்த தொலையச்சுப் பொறியும் ஒரே வகை எழுத்தையே அறிந்திருந்தன. ஆரம்பகாலக் கணனிகள் தம் பேச்சுக்கருவியாகக் கொண்டவை இத்தகைய பொறிகளும் துளையிட்ட அட்டைகளுமே. 1963 இல் வெளிவந்து, பிற்காலத்திற் கணனிக் கூடங்களெங்கும் பரவிய 33 ஆம் இலக்க ரெலிரைப் பொறி பெரிய எழுத்தை மட்டுமே அச்சிட்டது. பழைய செய்நிரல்கள் யாவும் உரத்துக் கூவுவன போல் நமக்குத் தோன்றுவதன் காரணம் இதுவே.

அதே 1963 இல் அஸ்கி என்னும் அமெரிக்க நியமக் குறிமுறை முதன்முதலாக வெளியாயிற்று. ஏழு பிற்றுக்கள், 128 இடங்கள். ஆயினும் முதற் பதிப்பிற் சிறிய எழுத்துக்கள் இடம்பெறவில்லை. அவற்றுக்குரிய இடங்கள் வெறுமையாகவே விடப்பட்டன. 1967 ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பிலேயே அவை உள்ளே வந்தன. அவை அமைந்த முறை கருதத்தக்கது. பெரிய 'ஏ' 65 ஆம் இடத்திலும் சிறிய 'ஏ' 97 ஆம் இடத்திலும் உள்ளன; வேறுபாடு 32. ஏனைய எழுத்துக்களுக்கும் அதே வேறுபாடுதான். அதாவது, ஒரே ஒரு பிற்றைத் திருப்பினாற் பெரியது சிறியதாகும். அப்பிற்றைப் பாராது விட்டால் இரண்டும் ஒன்றாகும். எழுத்துப் பேதத்தை மறப்பது இயந்திரத்துக்கு இவ்வளவு இலகுவாக இருந்தமையாற் பின்வந்தோர் பலர் அதனை என்றும் எங்கும் இலகுவானதென்றே நம்பினர். ஆங்கிலம் ஒன்றுக்கு மட்டுமே அது உண்மை என்பது பின்னர்த்தான் தெரியவந்தது.

இனிக் கோப்புப் பெயர்களுக்கு வருவோம். நினைவகம் பொன்னினும் அரிதாயிருந்த காலத்தில் ஒரு பெயரை எத்துணைச் சிறிய இடத்தில் அடக்கலாம் என்பதே அமைப்போரின் கவலையாயிருந்தது. டிஜிற்றல் எக்குயிப்மென்ற் நிறுவனத்தின் பிடிபி-10 கணனியின் ஒரு சொல் 36 பிற்றுக்கள் கொண்டது. எழுத்துக்கு ஆறு பிற்று எனக் கொண்டால் ஆறெழுத்துப் பெயர் ஒரு சொல்லிற் கச்சிதமாக அடங்கும். ஆறு பிற்றிற் சிறிய எழுத்துக்கு இடமில்லை. அதே நிறுவனத்தின் சிறிய கணனிகளில் ஒரு சொல்லுக்குப் 16 பிற்றுக்களே. அங்கு 26 எழுத்து, பத்து எண், வெற்றிடம், சில குறிகள் என 40 வடிவங்களை மட்டும் ஏற்றனர். 40 ஐ மும்முறை பெருக்கின் 64,000. அது 16 பிற்றுச் சொல் கொள்ளும் 65,536 இனுள் அடங்கும். எனவே மூன்றெழுத்துக்கு ஒரு சொல். பெயருக்கு ஆறெழுத்தும் வகைக்கு மூன்றெழுத்துமாக மூன்று சொற்களிற் கோப்பின் பெயர் முடிந்துவிடும். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய 'புள்ளிக்குப் பின் மூன்றெழுத்து' வழக்கத்தின் வேரை இங்கே காணலாம். இக்காலத்தில் எவரும் 'எழுத்துப் பேதம் பாராட்டுவதா, விடுவதா' என விவாதித்துத் தீர்மானிக்கவில்லை. பேதம் என்பதே இருக்கவில்லை. இன்று நியாயங் கூறி ஆதரிக்கப்படும் வழக்கங்கள் பல இத்தகைய வறுமையின் எச்சங்கள் என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

மாறுதல் மல்ற்றிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையோடு வந்தது. 1960களின் நடுப்பகுதியில் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகமும் பெல் ஆய்வுகூடமும் ஜெனரல் இலக்ற்றிக் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய அம்முறைமை இருவகை எழுத்தையும் ஏற்று, அவற்றை வெவ்வேறெனக் கொண்டது. 1969 இல் பெல் ஆய்வுகூடம் அம்முயற்சியிலிருந்து விலகிய பின், அங்குக் கென் தொம்சனும் டெனிஸ் றிச்சியும் உருவாக்கிய யுனிக்ஸ் அவ்வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. யுனிக்சுக்குக் கோப்பின் பெயர் என்பது பைற்றுக்களின் ஒரு வரிசை மாத்திரமே. சாய்கோட்டையும் வெறுமைப் பைற்றையும் தவிர ஏனையவற்றின் பொருளைப் பற்றி அது கவலை கொள்வதில்லை. இதனைச் சிலர் உயர்ந்த கொள்கையென்று போற்றுவர். கொள்கை என்பதைவிட, 'அறியாத விடயத்தில் தலையிடாமை' என்பதே பொருத்தம் என எமக்குத் தோன்றுகின்றது. அத்தலையிடாமை பிற்காலத்திற் பெரும் வலிமையாயிற்று.

ஆயினும் பழைய பொறிகள் மறையவில்லை. பெரிய எழுத்து மட்டுமே உள்ள பொறியிலிருந்து யுனிக்சினுட் புகுவோன் தன் பெயரைப் பெரிய எழுத்தில் அடிப்பான். அதைக் கண்ட முறைமை, 'இவன் பொறியிற் சிறிய எழுத்து இல்லை' என ஊகித்து, அவன் அடிப்பன யாவற்றையும் சிறிய எழுத்தாக மாற்றிக்கொள்ளும். மெய்யாகவே பெரிய எழுத்து வேண்டுமாயின் முன்னே ஒரு பின்சாய்கோடு இடல்வேண்டும். சிறிய எழுத்தே இயல்பு, பெரியது சிறப்பு என்னும் யுனிக்ஸ் மரபு இவ்வாறு வேரூன்றியது.

சிறப்பு என்றதும் அதற்கு ஒரு பயனும் பிறந்தது. அஸ்கி வரிசையிற் பெரிய எழுத்துக்கள் முன்னே நிற்பதால், பெரிய எழுத்தில் தொடங்கும் கோப்பு கோப்புறைப் பட்டியலின் தலைப்பக்கத்திற் காணப்படும். 'முதலில் என்னை வாசி' எனப் பொருள்படும் 'றீட்மீ' கோப்பு முழுவதும் பெரிய எழுத்தில் எழுதப்படுவதும், 1976 இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்ருவேட் பெல்ட்மன் ஆக்கிய 'மேக்' என்னும் கருவிக்குரிய கோப்பின் முதலெழுத்துப் பெரியதாக எழுதப்படுவதும் இதனாலேயே. இன்னும் ஒரு படி மேலே சென்று, பேதத்துக்கே பொருள் ஏற்றினர். பெயரின் இறுதியிற் சிறிய 'சி' இருப்பின் அது சி மொழி நிரல். பெரிய 'சி' இருப்பின் அதன் வழித்தோன்றலாகிய சி பிளஸ் பிளஸ் மொழி நிரல் எனக் குனூ மொழிமாற்றி இன்றும் கொள்கின்றது. எழுத்தின் அளவு ஒன்றே மொழியைத் தீர்மானிக்கும் நிலை!

இதே எழுபதுகளில் மறுபுறத்தே நுண்கணனிகள் தோன்றின. 1974 அளவில் கரி கில்டோல் அமைத்த சிபிஎம் முறைமை டிஜிற்றல் நிறுவனத்து வழக்கங்களைத் தழுவி எட்டெழுத்தும் மூன்றெழுத்துமாகப் பெயரை வகுத்தது. பயனர் எதை அடிப்பினும் கட்டளை வாங்கும் பகுதி அதனைப் பெரிய எழுத்தாக்கிய பின்னரே உள்ளே அனுப்பும். இங்கே ஓர் ஓட்டை இருந்தது. மாற்றம் வாயிலில் நிகழ்ந்ததேயன்றிக் களஞ்சியத்தில் நிகழவில்லை. பேசிக் மொழியில் எழுதிய நிரல் ஒன்று வாயிலைச் சாராது நேரே களஞ்சியத்துக்குச் சென்று சிறிய எழுத்துப் பெயருடன் ஒரு கோப்பை ஆக்கிவிடலாம். பின்னர் அக்கோப்புப் பட்டியலிற் கண்ணுக்குத் தெரியும். ஆயினும் அழிக்கும் கட்டளையால் அதனை அழிக்க முடியாது. பயனர் சிறிய எழுத்தில் அடித்தாலும் வாயில் அதைப் பெரியதாக்கி, 'அப்படியொரு கோப்பு இல்லை' என்று கூறிவிடும். வீட்டிற்குள் இருப்பவனைப் பெயர் சொல்லி அழைக்க முடியாத நிலை இது. பேதம் பற்றிய தீர்ப்பு ஓரிடத்திலன்றி ஈரிடத்தில் வழங்கப்படின் என்ன நேரும் என்பதற்கு இதனை முதற்சான்றாகக் கொள்ளலாம். 1981 இல் ஐபிஎம் நிறுவனத்தின் தனியாள் கணனியோடு வெளிவந்த மைக்கிரோசொவ்ற் டொஸ், பெயர்களைப் பெரிய எழுத்தாக்கும் பணியை முறைமையின் உள்ளேயே வைத்துக்கொண்டது. கொடுமையாயினும் அதில் ஒழுங்கு இருந்தது.

மூன்றாவது வழி 1984 இல் அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரொஷ் கணனியோடு பரவலாயிற்று. பயனர் எழுதியவாறே பெயரைப் பேணிக் காட்டுவது, தேடும்போது மட்டும் பேதத்தைப் பாராது விடுவது என்பதே அது. 1985 இல் வந்த அப்பிளின் படிநிலைக் கோப்பு முறைமையும், அதே ஆண்டில் வந்த அமிகா கணனியும், 1993 இல் வின்டோஸ் என்ரி உடன் வந்த என்ரிஎவ்எஸ் முறைமையின் அன்றாட வழக்கும், 1995 இல் வின்டோஸ் 95 உடன் வந்த நீள்பெயர் வழக்கும் இவ்வழியையே பின்பற்றின. இதனைப் 'பேதம் பேணிப் பேதம் பாராட்டா முறை' எனலாம். எழுத்தரும் வணிகரும் மாணவரும் கணனியைக் கையாளத் தொடங்கிய காலத்தில் இம்முடிவு மிகவும் மனிதத்தன்மை வாய்ந்தது என்பதை மறுக்க இயலாது. 'கடிதம்' என்னும் கோப்பையும் முதலெழுத்து மட்டும் பெரிதான இன்னொரு 'கடிதம்' கோப்பையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டு தடுமாற எவரும் விரும்பார். ஆயினும் எம் கருத்தில், பின்வந்த இடர்களிற் பெரும்பாலானவை இந்நடுவழியிலேயே விளைந்தன. டொஸ் பேதத்தைக் காட்டவும் இல்லை, காக்கவும் இல்லை. யுனிக்ஸ் காட்டியது, காத்தது. நடுவழியோ காட்டிவிட்டுக் காவாது விட்டது. வின்டோஸ் 95 இன் கோப்புலாவி இன்னும் விந்தையானது. டொஸ் காலத்துக் கோப்பொன்றின் பெயர் முழுவதும் பெரிய எழுத்தில் இருப்பினும், அழகு கருதி முதலெழுத்தை மட்டும் பெரிதாக்கித் திரையிற் காட்டியது. தட்டில் உள்ளதொன்று, திரையில் உள்ளதொன்று, பயனர் நினைவில் உள்ளதொன்று என ஒரு கோப்புக்கு மூன்று பெயர்கள் உண்டாயின.

இம்மூன்றுக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டது உரைத்தொகுப்பியே. அதன் நிலையைச் சிறிது விரித்து நோக்குதல் தகும். பயனர் ஒரு பெயரை அடிக்கின்றார். தொகுப்பி முறைமையிடம், 'இப்பெயரில் ஒரு கோப்பு உளதா?' என வினவுகின்றது. பேதம் பாராட்டா முறைமை 'உளது' எனக் கூறி உள்ளடக்கத்தைத் தருகின்றது. ஆனால் 'அதன் மெய்யான பெயர் நீ கூறியதன்று' என்பதைக் கூறுவதில்லை. ஆகவே தொகுப்பி பயனர் அடித்த பெயரையே திரையின் தலைப்பில் எழுதிக்கொள்கின்றது. இனிச் சேமிக்கும் வேளை வருகின்றது. பழைய கோப்பின் மேலேயே எழுதினாற் பழைய பெயர் நிலைக்கும். விபத்துக்கு அஞ்சும் தொகுப்பிகளோ புதிய கோப்பொன்றில் எழுதி முடித்தபின் அதனைப் பழையதன் இடத்திற் பெயர்மாற்றி வைக்கும். அவ்வாறு செய்கையில் பயனர் விரைவில் அடித்த பெயரே தட்டிற் பதிந்து, 'மேக்' கோப்பின் பெரிய முதலெழுத்து ஓசையின்றி மறைந்துபோகக் கூடும். உள்ளடக்கத்தில் ஒரு காற்புள்ளி மாறினும் கவனிப்போர், பெயர் மாறியதைக் கவனிப்பதில்லை.

இதனினும் கேடானது ஒரே கோப்பு இருமுறை திறக்கப்படுவது. காலையில் ஒருவகையாகவும் மாலையில் வேறுவகையாகவும் பெயரை அடித்தவருக்கு, தொகுப்பி இரு பிரதிகளை இரு பெயர்களிற் காட்டுகின்றது. இரண்டும் ஒரே கோப்பின் நிழல்கள். முதற்பிரதியில் உழைத்துச் சேமித்தபின் இரண்டாம் பிரதியைச் சேமித்தால் முதலுழைப்பு அழிந்துபோகும். பெயரின் ஓரெழுத்தைப் பெரிதாக்க விரும்பி 'வேறு பெயரிற் சேமி' என்னும் கட்டளையைக் கொடுப்பவர் நிலையும் இரங்கத்தக்கதே. 'அப்பெயரிற் கோப்பு ஏற்கெனவே உளது, அதன் மேல் எழுதவா?' எனத் தொகுப்பி அஞ்சி வினவும். அஞ்சப்படும் அக்கோப்போ அவருடையதே. புதிய பெயரில் எழுதிவிட்டுப் பழைய பெயரிலுள்ளதை அழிப்பதே பெயர்மாற்றம் என எண்ணி நிரல் எழுதியிருப்பாராயின், புதியதும் பழையதும் ஒன்றேயாகையால் எஞ்சுவது ஒன்றுமில்லை.

புகழ்பெற்ற இரு தொகுப்பிகள் இதனை எதிர்கொண்ட விதம் அவற்றின் பிறப்பிடத்தோடு தொடர்புடையது. பிராம் மூலினார் 1991 இல் வெளியிட்ட விம், யுனிக்சின் வீஐ தொகுப்பியைப் பின்பற்றியதாயினும் பிறந்தது அமிகா கணனியில். அதாவது பேதம் பாராட்டா வீட்டில். அதனால் அதன் உள்ளே ஒரு சிறு செயற்கூறு உண்டு. பயனர் தந்த பெயரைக் கொண்டு கோப்புறையைத் தேடி, தட்டில் உள்ள மெய்யான வடிவத்தை அறிந்து, தன் பெயரைத் திருத்திக்கொள்வதே அதன் பணி. யுனிக்ஸ் சார்ந்த கணனிகளில் அது இன்னும் எச்சரிக்கையாக நடக்கின்றது. பேதம் விடுத்து ஒத்த பெயரைக் கண்டபின், இரு பெயர்களும் சுட்டும் கோப்பின் உள்ளிலக்கமும் ஒன்றேயா எனச் சோதித்த பின்னரே ஏற்கின்றது. பெயரை நம்பாது ஆளை நேரிற் கண்டு உறுதிசெய்யும் கிராம அலுவலரின் முறை இது.

ஈமக்சின் வரலாறு வேறு. 1976 இல் மசாசுசெற்ஸ் நிறுவகத்தில் றிச்சட் ஸ்ரோல்மன் முதலியோர் ஆக்கிய முதல் ஈமக்ஸ், முன்னர்க் குறித்த பிடிபி-10 கணனியின் ஆறெழுத்துப் பெயருலகிற் பிறந்தது. 1985 இல் வெளிவந்த குனூ ஈமக்சோ யுனிக்சில் வளர்ந்தது. யுனிக்சில் ஒரு கோப்புக்குப் பல பெயர்கள் இணைப்பாக அமையக்கூடும். ஆகவே உள்ளிலக்கத்தை ஒப்பிட்டு, 'இவ்விரண்டும் ஒரே கோப்பு' எனத் தெரிவிக்கும் வழக்கம் ஈமக்சில் முன்னரே இருந்தது. வேறொரு சிக்கலுக்குச் செய்த மருந்து எழுத்துப்பேதச் சிக்கலுக்கும் உதவிற்று. ஆயினும், 'நான் நிற்கும் கோப்பு முறைமை பேதம் பாராட்டுவதா?' என நேரே வினவும் செயற்கூறு 2018 இல் வெளிவந்த 26 ஆம் பதிப்பிலேயே அதற்குக் கிடைத்தது. வினா எளிது; விடை எளிதன்று. ஒரே கணனியில் ஒரு தட்டு பாராட்டுவதாயும் அடுத்தது பாராட்டாததாயும் இருக்கலாம். 2018 முதல் வின்டோஸ் 10 இல் இத்தீர்மானம் கோப்புறைக்குக் கோப்புறை வேறுபடவும் கூடும்.

இரு மரபுகளும் நேருக்குநேர் மோதிய களம் 2001 இல் வெளிவந்த அப்பிளின் மக் ஓஎஸ் எக்ஸ். அதன் உடல் யுனிக்ஸ். அதன் களஞ்சியமோ பேதம் பாராட்டா மக்கின்ரொஷ் மரபுடையது. அக்காலத்துச் சம்பவம் ஒன்று பலராற் பேசப்பட்டது. கோப்பொன்றின் முதற்சில வரிகளைக் காட்டும் 'ஹெட்' என்னும் சிறிய எழுத்துக் கட்டளை யுனிக்சுக்கு அடிப்படையானது. பேர்ள் மொழியின் வலைத் தொகுதி ஒன்று, முழுவதும் பெரிய எழுத்தினாலான இன்னொரு 'ஹெட்' கட்டளையை நிறுவ முனைந்தது. யுனிக்சில் அவை அயலவர். அப்பிளில் அவை ஒன்று. புதியது பழையதை அழித்து அதன் இருக்கையில் அமர்ந்துகொண்டது. பழைய கட்டளையை நம்பியிருந்த செய்நிரல்கள் காரணம் தெரியாது பிழைத்தன. லினக்ஸ் கருவின் மூலநிரலிலும் இதையொத்த நிலை உண்டு. வலைப்பொதிகளை வடிகட்டும் பகுதியிற் பெரிய எழுத்துப் பெயர் பொதிமீது ஒரு வினையைச் செய்வதையும், அதே பெயரின் சிறிய எழுத்து வடிவம் பொதியைச் சோதிப்பதையும் குறிக்கும். பேதம் பாராட்டாத தட்டில் அம்மூலநிரலை இறக்கினால் இணைகளில் ஒன்று மற்றதை விழுங்கிவிடும்.

2005 இல் லினஸ் டோவல்ட்ஸ் தொடங்கிய கிற் என்னும் பதிப்புக் காப்பகக் கருவி இம்மோதலை ஒவ்வொரு பணிக்குழுவின் முற்றத்துக்கும் கொண்டுவந்தது. கிற்றுக்குப் பெயர் பைற்று வரிசையே. அப்பிள் அல்லது வின்டோஸ் கணனியில் இருப்பவர் படமொன்றின் பெயரிற் பெரிய எழுத்தை இட்டு, நிரலுள் சிறிய எழுத்தில் அழைப்பார்; அவர் திரையிற் படம் தோன்றும். லினக்ஸ் வழங்கியில் ஏற்றியதும் படம் மறையும். பல்கலைக்கழகச் செய்முறைக் கூடங்களில் ஒப்படைக்கும் நாளன்று இதனால் முகம் வாடிய மாணவரைக் காணாத ஆசிரியர் குறைவு. இது சிரித்து மறக்கக் கூடியது. 2014 டிசெம்பரில் வெளிப்பட்ட குறைபாடு அத்தகையதன்று. கிற் தன் அமைவுகளைப் புள்ளியில் தொடங்கும் ஒரு சிறிய எழுத்துக் கோப்புறையில் வைத்திருக்கும். பிறர் தரும் காப்பகம் அப்பெயரிற் கோப்பு எதையும் எழுதாதபடி தடுக்கும். ஆனால் அது தடுத்தது சிறிய எழுத்து வடிவத்தை மட்டுமே. தீயோன் ஒருவன் அப்பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிய காப்பகத்தை ஆக்கினால் காவலன் அதனை அறியான். களஞ்சியமோ இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, அமைவுக் கோப்பின் மீது அவன் எழுதியதை ஏற்றுக்கொள்ளும். அதன் வழியாகப் பயனரின் கணனியில் அவன் விரும்பிய கட்டளையை இயக்கலாம். வாயிற் காவலனும் களஞ்சியக்காரனும் ஒருமைக்கு வேறுவேறு இலக்கணம் வைத்திருந்தமையே இதற்குக் காரணம். சிபிஎம் காலத்து ஓட்டையே நாற்பதாண்டுக்குப் பின் ஆயுதமாயிற்று. அப்பிளின் முறைமை, கண்ணுக்குத் தெரியாத இணைப்பு, பிரிப்புக் குறிகளையும் ஒப்பிடும்போது கணக்கிலெடாது விட்டமையால், அத்தகைய குறியொன்றைப் பெயரின் நடுவே செருகியும் இதே தாக்குதலை நடத்தலாம் என்பதும் அப்போது தெரியவந்தது. சிங்களத்தில் 'ஸ்ரீ' எழுதுகையில் இன்றியமையாததாகும் இணைப்புக்குறி அவ்வாறு கணக்கிலெடாது விடப்பட்டவற்றுள் ஒன்று என்பதை இடையே குறிப்பிடலாம்.

இவ்விடத்தில், 'ஒன்று' எனத் தீர்ப்பவர் யார் என்னும் வினா எழுகின்றது. 1928 இல் இலத்தீன் எழுத்தை ஏற்ற துருக்கியர் புள்ளியுள்ள 'ஐ', புள்ளியில்லாத 'ஐ' என இரண்டை வகுத்தனர். புள்ளியுள்ள சிறியதற்குப் பெரிய வடிவமும் புள்ளியுடையது. புள்ளியில்லாததற்கு அஃது இல்லை. ஆங்கிலேயனுக்கு இணையாகும் இரு வடிவங்கள் துருக்கியனுக்கு இருவேறு எழுத்துக்கள். ஜேர்மன் மொழியின் கூரிய 'எஸ்' பெரிதாகும்போது மரபுப்படி இரண்டு எழுத்தாக விரியும். அதற்கெனத் தனிப் பெரிய வடிவம் 2017 இலேயே முறைப்படி ஏற்கப்பட்டது. ஒரு பிற்றைத் திருப்பும் பழைய உபாயம் இங்கே செல்லாது. என்ரிஎவ்எஸ் முறைமை 65,536 உள்ளீடுகள் கொண்ட ஓர் எழுத்துமாற்று அட்டவணையை ஒவ்வொரு தட்டிலும், அது சீரமைக்கப்படும் நாளிலேயே எழுதிவைக்கின்றது. அட்டவணை பின்னர் மாறின், முன்னர் வரிசைப்படுத்திய பெயர்களைத் தேடிக் காண இயலாது போகும் என்னும் அச்சமே காரணம். ஆகவே ஒருமையின் இலக்கணம் தட்டுக்குத் தட்டு உறைந்து கிடக்கின்றது. 2019 இல் லினக்சும் வெற்றுக் கோப்புறை ஒன்றுக்குப் பேதம் பாராட்டாமையை விருப்பின்படி அளிக்கும் வசதியை ஏற்றது. டோவல்ட்ஸ் மனம் மாறினாரல்லர். 2025 இலும் இத்தகைய முறைமைகளே தவறு எனக் கடிந்துரைத்தார். அவர் சீற்றம் அளவிறந்ததாயினும், கோப்பு முறைமை மொழியிலக்கணத்துக்கு நடுவராதல் ஆகாது என்னும் அவர் பக்கத்து நியாயம் எமக்கு உடன்பாடே. பயனரின் மறதிக்கு உதவுவது தேடும் கருவியின் கடமை; களஞ்சியத்தின் கடமை ஒப்படைத்ததை ஒப்படைத்தவாறே காப்பது.

தமிழிற் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லையே, நமக்கு இதனால் என்ன எனச் சிலர் கருதலாம். பேதம் நம்மிடமும் உண்டு. கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. ஒருங்குறியில் 'கொ' என்பதை இருவகையாகப் பதியலாம். ககரத்தின்பின் ஒகரக் குறியை ஒன்றாக இடுவது ஒருவகை. ஒற்றைக்கொம்பையும் அரவையும் தனித்தனியே இடுவது மற்றொருவகை. 'கோ', 'கௌ' என்பனவும் இவ்வாறே. திரையில் இரண்டும் ஒன்று, பைற்றுக்கள் வேறு. 'கொழும்பு' என்னும் பெயரில் இரு கோப்புக்களை லினக்ஸ் தட்டில் ஒரே உறையில் வைக்கலாம். பார்ப்பவர்க்கு அவை வேறுபாடற்றவை. அப்பிளின் எச்எவ்எஸ் பிளஸ் முறைமையோ யாவற்றையும் பிரித்த வடிவாக மாற்றியே பதிந்து வந்தது. எனவே தமிழ்ப் பெயருள்ள கோப்பு ஒரு கணனியிலிருந்து இன்னொன்றுக்குச் சென்று மீள்கையில், பெயர் கண்ணுக்கு மாறாமலே மாறிவிடக் கூடும். ஆயினும் இவ்விரு வடிவங்களும் ஒன்றே என ஒருங்குறி நியமம் விதித்திருப்பதால், ஒப்பிடும் நிரலுக்கு ஆதாரம் உண்டு.

'ஸ்ரீ' என்னும் கூட்டெழுத்துக்கு அவ்வாதாரமும் இல்லை. 2005 இல் ஒருங்குறியின் 4.1 பதிப்பில் வடமொழி ஶகரம் தமிழ்ப் பகுதியிற் சேர்க்கப்படும் வரை, அக்கூட்டெழுத்து ஸகரத்தை முதலாகக் கொண்டு பதியப்பட்டது. அதன்பின் ஶகரமே அதற்குரிய முதலெழுத்து என்றாயிற்று. பழைய பதிவுகள் மாறவில்லை. விசைப்பலகைகள் சில பழைய முறையையும் சில புதிய முறையையும் பின்பற்றுகின்றன. எழுத்துருக்கள் பல இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டுகின்றன. இவ்விரண்டும் ஒன்று என விதிக்கும் நியமம் எதுவுமில்லை. ஆகையால் பேதம் பாராட்டும் முறைமையும் பாராட்டா முறைமையும் ஒருங்கே அவற்றை வேறெனவே கொள்ளும். இந்நாட்டின் பெயரைத் தமிழில் 'ஸ்ரீ லங்கா' என இட்டுச் சேமித்த கோப்பு, அதே பெயரை அடித்துத் தேடும் இன்னொருவருக்குக் கிடையாமற்போவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.